வாங்காத கடனுக்கு ஒரு கணக்கு

இந்தியாவில் புழக்கத்தில் இருக்கும் கிரெடிட் கார்டுகளின் எண்ணிக்கை 2024 தொடக்கத்தில் 10 கோடியைத் தாண்டியது. அதில் மூன்று என்னுடையவை. செலவு செய்வது ஒன்றில்தான். இன்னொன்று, முதல் வேலையில் சேர்ந்தபோது சம்பளக் கணக்கோடு வந்தது. மூன்றாவது, ஒரு போனுக்குத் தள்ளுபடி கிடைக்கிறது என்று எடுத்தது. இந்த இரண்டையும் கடைசியாகத் தேய்த்துப் பத்து மாதம் ஆகிறது. மூடிவிடலாமா, கிடக்கட்டும் என்று விட்டுவிடலாமா? சின்னக் கேள்விதான். ஆனால் கேட்ட இடங்களில் நேர் எதிரான இரண்டு பதில்கள் வந்தன.

எலக்ட்ரானிக் சிட்டியில் என்னோடு வேலை பார்க்கும் நண்பர்கள் ஒரே குரலில் சொன்னது: "மூடாத மச்சி, ஸ்கோர் இறங்கிடும்." பாரூரில் இருக்கும் அம்மா சொன்னது: "வாங்காத கடனுக்கு எதுக்கு கண்ணு கணக்கு? முடிச்சிட்டு வா."

நண்பர்களுக்குக் கடன் என்பது ஓர் எண். திறந்திருக்கும் ஒவ்வொரு கணக்கும் அந்த எண்ணுக்கு முட்டுக்கொடுக்கிறது. அம்மாவுக்குக் கடன் என்றால் ஓர் ஆள். கணக்கு முடியவில்லை என்றால் அந்த ஆள் எந்த நாளும் வாசலில் வந்து நிற்கலாம். இந்த இரண்டு புத்தியும் எங்கிருந்து வந்தன என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். அம்மாவின் பக்கத்து வரலாற்றில் முக்கியமான சில திருப்பங்கள் எங்கள் மாவட்டத்தைத் தொட்டே நடந்திருக்கின்றன. நண்பர்களின் பக்கம் கலிஃபோர்னியாவில் தொடங்குகிறது. இரண்டும் இப்போது ஒரே பிளாஸ்டிக் அட்டையில் வந்து மோதுகின்றன.

விட்டுவிடும் உரிமை

பாரூர், கிருஷ்ணகிரி மாவட்டத்துப் போச்சம்பள்ளி வட்டத்தில் இருக்கிறது. தென்பெண்ணையின் நெடுங்கல் அணைக்கட்டிலிருந்து வரும் தண்ணீரில் நிரம்பும் பெரிய ஏரி, அதைச் சுற்றி நெல், தென்னை, கொஞ்சம் தள்ளிப் போனால் மாந்தோப்புகள். 2004 வரை இது தர்மபுரி மாவட்டம். 1965 வரை சேலம் மாவட்டம். அதற்கும் பின்னால் போனால் இந்த நிலப்பரப்புக்குப் பெயர் பாராமகால்.

1792-இல் மூன்றாம் மைசூர்ப் போர் முடிந்தபோது, ஸ்ரீரங்கப்பட்டணம் உடன்படிக்கைப்படி திப்பு சுல்தான் பாராமகாலைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கொடுத்தார். (ஓசூர்ப் பக்கம் கம்பெனியிடம் வந்தது 1799-இல், திப்பு இறந்த பிறகு.) புதிய நிலத்தை நிர்வகிக்கக் காரன்வாலிஸ் அனுப்பியது ராணுவக்காரர்களை. தலைவர் கேப்டன் அலெக்சாண்டர் ரீடு. அவருடைய உதவியாளர்களில் ஒருவர் தாமஸ் மன்றோ, பின்னாளில் சென்னை மாகாணத்தின் கவர்னர். சென்னைத் தீவுத்திடல் பக்கம் சேணம் இல்லாத குதிரையில் உட்கார்ந்திருக்கிறாரே, அவரேதான்.

இவர்கள் இங்கே செய்து பார்த்த ஒன்று பிறகு மாகாணம் முழுக்கப் பரவியது: ரயத்துவாரி முறை. ஜமீன்தார் என்ற இடையாள் இல்லாமல், ஒவ்வொரு குடியானவனின் பெயரிலும் தனித்தனியாகக் கணக்கு. இன்னாருக்கு இத்தனை நிலம், இத்தனை தீர்வை. இன்றைக்கு என் பான் எண்ணின் கீழே எல்லாக் கடனும் வரிசையாக நிற்பதைப் பார்க்கும்போது, ஆளுக்கொரு பேரேடு என்ற அந்த யோசனைதான் நினைவுக்கு வருகிறது.

இதில் என்னை நிறுத்தியது ஒரு விவரம். 1796-இல் ரீடு ஓர் அறிவிப்பு வெளியிட்டார். நீண்ட காலக் குத்தகையில் கட்டுண்டு கிடக்காமல், குடியானவர்கள் வருடா வருடம் நிலத்தைக் கூட்டிக்கொள்ளலாம், குறைத்துக்கொள்ளலாம் என்றது அது. அதாவது, உழ முடியாத வயலை விட்டுவிடலாம். விட்டால் அந்த வயலின் தீர்வை அடுத்த வருடம் உங்கள் பெயரில் ஏறாது. பயன்படுத்தாத கணக்கை மூடும் உரிமை என்று இதைச் சொன்னால் ரொம்பத் தப்பில்லை.

ஏட்டில் இருந்த அந்த உரிமை வயலில் எவ்வளவு தூரம் இருந்தது என்பது வேறு கதை. சர்க்காருக்கு வருமானம் குறையக் கூடாது. கணக்கை வைத்திருப்பவர் அதை எளிதில் மூட விடமாட்டார். நிலவரி வசூலுக்காகச் சென்னை மாகாணத்தில் ஆட்களை வெயிலில் நிற்க வைத்ததும், குனிய வைத்து முதுகில் கல் ஏற்றியதும் விசாரணைக் கமிஷன் வரை போய், 1855-இல் அறிக்கையாகவே வந்தது. சட்டம் தரும் வெளியேறும் வழி ஒன்று, கணக்கு வைத்திருப்பவர் உண்மையில் திறந்துவிடும் வழி இன்னொன்று. இந்த இடைவெளியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கார்டுக்கு வரும்போது தேவைப்படும்.

ஒன்று மட்டும் நிலைத்தது. வருடத்துக்கு ஒருமுறை கணக்கை எடுத்து வைத்துப் பார்க்கும் வழக்கம். ஜமாபந்தி. பசலி ஆண்டு ஜூன் 30-இல் முடிகிறது. அதையொட்டி மே, ஜூனில் இன்றும் எல்லாத் தாலுகா ஆபீஸிலும் ஜமாபந்தி நடக்கிறது. கிராமத்துக் கணக்குகள் மேசைக்கு வரும், சரிபார்க்கப்படும், கையெழுத்தாகும்.

நோட்டைக் கிழிப்பது

அம்மா சொல்லும் "முடிக்கிறது" என்ற வார்த்தைக்குப் பின்னால் இருப்பது புரோநோட்டு. ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப், அதன் மேல் கையெழுத்து, சாட்சி இரண்டு பேர். வட்டி கட்டும்போது பின்பக்கத்தில் வரவு எழுதுவார்கள். கடன் முழுதும் அடைந்ததும் நோட்டு திரும்பி வரும், அப்போதே கிழிக்கப்படும். "இனி நமக்குள்ள ஒண்ணுமில்ல" என்று ஒரு வார்த்தை. பணம் கட்டியதோடு கடன் முடிந்துவிடுவதில்லை. காகிதம் கைக்கு வந்தால்தான் முடிந்தது. பணத்தைக் கட்டிவிட்டு நோட்டை வாங்க மறந்தவர்கள் கதை ஊருக்கு ஊர் இருக்கும்.

புரோநோட்டுக்கு ஆயுள் மூன்று வருடம். 1963-ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டப்படி அதற்குள் வழக்குப் போடவேண்டும். இடையில் கடன்காரர் எழுத்தில் ஒப்புக்கொண்டாலோ, பாதிப் பணம் கட்டி அதற்கு அவர் கையால் எழுத்து இருந்தாலோ, அந்த நாளிலிருந்து மறுபடி மூன்று வருடம். ஊரில் சட்டம் படிக்காதவர்களுக்கும் இது மனப்பாடம். மூன்றாவது வருடம் முடியப் போகும்போது கொடுத்தவர் வந்து, "நோட்டை மாத்தி எழுதிடலாமா?" என்று கேட்பார். கடனுக்கு ஒரு முடிவுத் தேதி இருந்தது. அதைத் தாண்டி உயிரோடு வைக்க வேண்டுமென்றால் இரண்டு பேரும் மறுபடி உட்கார வேண்டியிருந்தது.

முடிவே இல்லாத கடனும் தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில், கோயிலுக்கு வந்த காசை ஊர்ச் சபைகளுக்கு வட்டிக்குக் கொடுத்த விவரங்கள் இருக்கின்றன. காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு, அதாவது 12.5 சதவீதம். முதலைத் திருப்பிக் கட்டும் பேச்சே இல்லை. சந்திரனும் சூரியனும் உள்ளவரை வட்டி மட்டும் வரவேண்டும். விளக்குக்கு விட்ட ஆடுகளை 'சாவா மூவாப் பேராடு' என்று எழுதினார்கள். ஒரு விளக்குக்கு 96 ஆடு, தினம் ஓர் உழக்கு நெய். ஆடு சாகும், குட்டி போடும், ஆனால் கணக்கில் என்றைக்கும் 96 இருக்கவேண்டும். கடன் வாங்கியவன் முதலைத் தீர்த்துவிட்டால் கொடுத்தவருக்கு நஷ்டம் என்கிற ஏற்பாடு அது. அங்கே அது சாமிக்கு எரியும் விளக்கு. மாதா மாதம் 'குறைந்தபட்சத் தொகை' மட்டும் கட்டச் சொல்லும் கார்டு பில்லில் எரிவது யாருடைய விளக்கு என்று யோசித்துக்கொள்ளலாம்.

தொரப்பள்ளிக்காரரின் சட்டம்

ஓசூருக்குப் பக்கத்தில் இருக்கும் தொரப்பள்ளியில் 1878-இல் பிறந்தவர் ராஜாஜி. 1937-இல் சென்னை மாகாணப் பிரதமரானார். அப்போது முதலமைச்சரை அப்படித்தான் அழைத்தார்கள். 1929-க்குப் பிறகு வந்த பெருமந்தத்தில் விளைபொருள் விலை பாதாளத்துக்குப் போயிருந்தது. வாங்கிய கடன் அதே ரூபாய்தான். ஆனால் அதைக் கட்ட முன்பைவிடப் பல மடங்கு மூட்டை விற்க வேண்டியிருந்தது. அசலுக்கு மேல் வட்டி, அதற்கும் மேல் வட்டி என்று நோட்டுகள் மாற்றி எழுதப்பட்டுக்கொண்டே போயின.

1938-இல் வந்த சென்னை விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம், அந்த வருடத்தின் நான்காவது சட்டம், கேட்ட கேள்வி எளிமையானது: ஒரு கடன் எப்போது முடிந்தது? 1932 அக்டோபர் 1-க்கு முன் வாங்கிய கடன் என்றால், 1937 அக்டோபர் 1 அன்று நிலுவையில் இருந்த வட்டி முழுக்கத் தள்ளுபடி. அசலும் வட்டியுமாக ஏற்கெனவே அசலைப் போல இரண்டு மடங்கு கட்டியிருந்தால் கடனே தீர்ந்தது. அதற்குப் பிந்தைய கடன்களுக்கு, சட்டம் வரும் நாள்வரை 5 சதவீதத் தனிவட்டி. சட்டத்துக்குப் பின் வாங்கும் கடனுக்கு ஆண்டுக்கு 6.25 சதவீதத் தனிவட்டிதான் உச்சம்.

கொடுத்தவர்கள் கொதித்தார்கள், வழக்குகள் போயின. யார் 'விவசாயி' என்ற வரையறையில் பல வருடம் நீதிமன்றங்கள் மல்லுக்கட்டின. நிலமில்லாத கூலிகளுக்கு இதில் பெரிதாக ஒன்றும் கிடைக்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். ஆனால் அந்தச் சட்டத்தில் ஒரு தெளிவு இருந்தது. கணக்கு எப்போது மூடப்படும் என்பதைக் கொடுத்தவர் மட்டும் தீர்மானிக்கக் கூடாது. இரண்டு மடங்கு கட்டியாயிற்றா, போதும், நோட்டைக் கிழி.

தீர்மான நோட்டு

அடுத்த திருப்பமும் எங்கள் பக்கம்தான். 1989-இல் ஐ.நா.வின் வேளாண் வளர்ச்சிக்கான சர்வதேச நிதியத்தின் உதவியோடு தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டுத் திட்டம் தொடங்கியது. முதலில் எடுத்துக்கொண்ட மாவட்டம், பாரூரும் அடங்கிய அன்றைய தர்மபுரி. பத்துப் பதினைந்து, அதிகம் போனால் இருபது பெண்கள் சேர்ந்து ஒரு குழு. சிறுசிறு சேமிப்பு, அதிலிருந்து உள்கடன், பிறகு வங்கிக் கடன். மாநிலம் முழுக்க இன்று 'குழு' என்ற ஒரே சொல்லால் புரிந்துகொள்ளப்படுவது இதுதான். பின்னால் மகளிர் திட்டமாக எல்லா மாவட்டத்துக்கும் போனது.

அம்மா தொண்ணூறுகளில் குழுவில் சேர்ந்தவர். அவருக்கு வங்கியை அறிமுகப்படுத்தியது அதுதான். கூட்டத்துக்குக் கூட்டம் தீர்மான நோட்டில் யார் எவ்வளவு கட்டினார், யாருக்கு எவ்வளவு பாக்கி என்று எழுதுவார்கள். உள்கடனுக்கு நூற்றுக்கு இரண்டு வட்டி. அது குழுவுக்கே திரும்பி வரும். ஒருத்தி கட்டாவிட்டால் எல்லோருக்கும் அடுத்த வங்கிக் கடன் தள்ளிப்போகும். அதனால் ஒருத்தியின் கடன் முடிகிற நாள் எல்லோருக்கும் செய்தி. நோட்டில் எழுதி, படித்துக் காட்டி, கையெழுத்து வாங்குவார்கள்.

இதையும் ஒரு ஸ்கோர் என்று சொல்லலாம். ஆனால் இந்த ஸ்கோரைப் போட்டவர்களுக்கு உங்கள் மகளின் கல்யாணமும் தெரியும், மாடு செத்ததும் தெரியும். அது சில நேரம் தயவாக இருந்தது, சில நேரம் எந்தக் கம்ப்யூட்டரையும்விடக் கொடுமையாகவும் இருந்தது. தவணை நாளில் காசில்லாமல் பத்துப் பெண்கள் முன்னால் உட்கார்ந்திருப்பது லேசான காரியமில்லை. ஊர் பார்க்கும் ஸ்கோர் நல்லது, எண் கெட்டது என்று சொல்ல நான் வரவில்லை. 2016-இல் குழு உறுப்பினர்களின் விவரங்களையும் தனித்தனியாகக் கடன் தகவல் நிறுவனங்களுக்கு அனுப்பும்படி ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குச் சொன்னது. ஆக, தீர்மான நோட்டும் மெல்ல அந்த எண்ணுக்குள் போய்ச் சேர்கிறது.

ஃபிரெஸ்னோவில் வந்த தபால்

நண்பர்களின் பக்கத்துக்கு வருவோம். 1958 செப்டம்பரில், கலிஃபோர்னியாவின் ஃபிரெஸ்னோ நகரத்தில் சுமார் 60,000 பேருக்குத் தபாலில் ஓர் அட்டை வந்தது. யாரும் கேட்கவில்லை, யாரும் விண்ணப்பிக்கவில்லை. அனுப்பியது பேங்க் ஆஃப் அமெரிக்கா. அதற்கு முன்பே 1950-இல் டைனர்ஸ் கிளப் அட்டை வந்திருந்தது. ஆனால் அதில் மாதக் கடைசியில் முழுப் பணத்தையும் கட்டிவிட வேண்டும். ஃபிரெஸ்னோ அட்டையில் பாக்கியை அடுத்த மாதத்துக்குத் தள்ளிக்கொண்டே போகலாம். வாங்குவதற்கு முன்பே கணக்கு திறந்திருந்தது. முடிப்பதற்கு நாள் எதுவும் குறிக்கப்படவில்லை. புரோநோட்டை நேர்த் தலைகீழாகத் திருப்பியது போல.

4 சதவீதம் பேர் கட்டமாட்டார்கள் என்று வங்கி எதிர்பார்த்தது. கட்டாதவர்கள் 22 சதவீதம். நஷ்டம், மோசடி, திட்டத்தைக் கொண்டுவந்த அதிகாரியின் ராஜினாமா என்று அமளியானது. இருந்தும் யோசனை பிழைத்துக்கொண்டது. அந்த அட்டைதான் 1976-இல் விசா என்று பெயர் மாற்றிக்கொண்டது. கேட்காமல் கார்டு அனுப்புவதை அமெரிக்கா 1970-இல் தடை செய்தது.

முகம் தெரியாத லட்சம் பேருக்குக் கடன் கொடுக்க வேண்டுமென்றால் தீர்மான நோட்டு போதாது. பில் ஃபேர் என்ற என்ஜினியரும் ஏர்ல் ஐசக் என்ற கணிதக்காரரும் 1956-இல் தொடங்கிய நிறுவனம், கடனாளிகளின் பழைய நடத்தையிலிருந்து எதிர்காலத்தைக் கணிக்கும் சூத்திரங்களை விற்றது. 1989-இல், தர்மபுரியில் குழுக்கள் தொடங்கிய அதே வருடத்தில், எல்லா வங்கிகளுக்கும் பொதுவான ஃபைகோ ஸ்கோர் வந்தது. ஒழுங்காகக் கட்டியதற்கு 35 சதவீதம், பாக்கி அளவுக்கு 30, கணக்குகளின் வயதுக்கு 15, புதிதாக வாங்கியதற்கும் கடன்களின் கலவைக்கும் தலா 10. ஒரு என்ஜினியராக எனக்கு இது அழகான வேலை என்றுதான் படுகிறது. ஆனால் கவனியுங்கள்: கணக்கை முடித்ததற்கு என்று இதில் ஒரு மதிப்பெண்ணும் இல்லை. லிமிட்டை நிறைய வைத்துக்கொண்டு கொஞ்சமாகத் தொடுவதற்கும், பழைய கணக்கைத் திறந்தே வைத்திருப்பதற்கும்தான் மார்க்.

இந்தியாவில் சென்ட்ரல் பேங்க் 1980-இல் கார்டு கொண்டுவந்தது. சிபில் நிறுவனம் 2000-இல் தொடங்கப்பட்டது, கடன் தகவல் நிறுவனங்களுக்கான சட்டம் 2005-இல் வந்தது. 300-இலிருந்து 900 வரை போகும் அந்த எண் இப்போது கடனோடு நிற்பதில்லை. கடன் வரலாறு சரியில்லை என்று பாரத ஸ்டேட் வங்கி ஒரு பணி நியமனத்தை ரத்து செய்தது செல்லும் என்று 2025-இல் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. வங்கித் தேர்வுக்குப் படிக்கும் எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

மூணே முக்கால் வட்டி

எங்கள் பக்கத்தில் வட்டியை மாதக் கணக்கில்தான் சொல்வோம். 'மூணு வட்டி' என்றால் நூறு ரூபாய்க்கு மாதம் மூன்று ரூபாய். மூணு வட்டிக்கு வாங்கினான் என்றால் அவனுக்கு ஏதோ அவசரம் என்று அர்த்தம். பாக்கி வைத்த கிரெடிட் கார்டுக்குப் பல வங்கிகள் போடுவது மாதம் 3.5-இலிருந்து 3.75 சதவீதம். அதாவது மூணே முக்கால் வட்டி, அதற்கு மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. ஆண்டுக்குப் பார்த்தால் 45 சதவீதம் வரை. 1938-இன் உச்சவரம்பு 6.25.

தண்டல், மீட்டர் வட்டி, கந்துவட்டியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003-இல் ஒரு சட்டம் வந்தது. அது வெளியில் வட்டிக்கு விடுபவர்களை மனதில் வைத்து எழுதப்பட்டது. கார்டு வட்டி 30 சதவீதத்தைத் தாண்டினால் நியாயமற்ற வணிகமுறை என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-இல் சொன்னது. 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்துவிட்டது. ஆக இன்றைய நிலையில் மேலே கூரை இல்லை.

சும்மா கிடக்கும் கார்டுக்கு வட்டி ஏது என்று கேட்கலாம். இங்கேதான் சொந்தக்காரப் பையன் ஒருவனின் கதை. போச்சம்பள்ளி சிப்காட்டில் வேலை. ஒரு வங்கி கொடுத்த கார்டை இரண்டு முறை தேய்த்துவிட்டு எடுத்து வைத்துவிட்டான். போன் நம்பர் மாறியது. ஆண்டுக் கட்டணம் 500, ஜி.எஸ்.டி.யோடு 590 ரூபாய் கணக்கில் ஏறியதற்கு வந்த குறுஞ்செய்தி பழைய நம்பருக்குப் போனது. தாமதக் கட்டணம், வட்டி என்று அது சில ஆயிரங்கள் ஆனது. பைக் லோன் கேட்டுப் போன இடத்தில்தான் அவனுக்கே தெரிந்தது. ஐந்து பைசாவுக்குக்கூட ஒரு பொருள் வாங்காமல் கடனாளியாகியிருந்தான். "வாங்காத கடனுக்கு எதுக்கு கணக்கு" என்ற அம்மாவின் கேள்வியை நான் வேடிக்கையாக எடுத்துக்கொள்ளாததற்கு அவன் ஒரு காரணம்.

கூட்டிக் கழித்துப் பார்த்தால்

இப்போது என் மூன்று கார்டுகள். நான் பயன்படுத்துவதன் லிமிட் 1,50,000. முதல் வேலையில் வந்தது 80,000, ஆண்டுக் கட்டணம் கிடையாது. போனுக்காக எடுத்தது 70,000, வருடம் 590 ரூபாய். மாதச் செலவு சுமார் 45,000.

மூன்றையும் வைத்திருந்தால் மொத்த லிமிட் 3 லட்சத்தில் 15 சதவீதம் பயன்படுத்துகிறேன். போன் கார்டை மட்டும் மூடினால் 2,30,000-இல் ஏறத்தாழ 20. இரண்டையும் மூடினால் 30. பொதுவாக 30-க்குள் இருப்பது நல்லது என்பார்கள். பில் போடும் தேதிக்கு முன்பே பாதியைக் கட்டிவிட்டால், வங்கி அனுப்பும் பாக்கித் தொகையே குறைந்துவிடும். நண்பர்களின் பயத்தில் ஒரு பாதி இப்படிக் கரைகிறது.

இன்னொரு பாதி, பழைய கார்டை மூடினால் பழைய வரலாறு அழிந்துவிடும் என்பது. மூடிய கணக்கின் விவரத்தையும் கடன் தகவல் நிறுவனங்கள் குறைந்தது 7 வருடம் வைத்திருக்க வேண்டும். ஒழுங்காகக் கட்டியது அன்றைக்கே காணாமல் போய்விடாது. ஸ்கோர் கொஞ்சம் அசையலாம். பெரிய கடன் கேட்கப் போகும் நேரத்தில் அந்த அசைவுகூட வேண்டாம் என்பது நியாயமான யோசனை. எனக்கு அந்த நேரம்தான். அப்பாவின் பழைய ஓட்டு வீட்டை இடித்துக் கட்ட அடுத்த வருடம் வீட்டுக் கடன் போட வேண்டியிருக்கிறது.

மூடுவதற்கான வழியும் இப்போது எழுத்தில் இருக்கிறது. ரிசர்வ் வங்கியின் 2022 ஏப்ரல் உத்தரவுப்படி, பாக்கி எதுவும் இல்லையென்றால் நீங்கள் கேட்ட 7 வேலை நாளுக்குள் கணக்கை மூடவேண்டும். தவறினால் மூடும் நாள்வரை, நாளுக்கு 500 ரூபாய் உங்களுக்குத் தரவேண்டும். தபாலில் எழுதி அனுப்பு என்று அலைக்கழிக்கக் கூடாது. ஆப், மின்னஞ்சல், உதவி எண் என்று வழி வைத்திருக்க வேண்டும். ஒரு வருடத்துக்கு மேல் பயன்படுத்தாத கார்டு என்றால், வங்கியே தகவல் சொல்லி, 30 நாளில் பதில் இல்லையென்றால் மூடிவிடலாம். என் இரண்டு கார்டுகளுக்கும் இன்னும் இரண்டு மாதம்தான். நான் முடிவெடுக்காவிட்டால் வங்கி எடுக்கும்.

இந்த உத்தரவு நடைமுறைக்கு வந்த நாள் 2022 ஜூலை 1. பசலி 1432-இன் முதல் நாளும் அதுதான். தற்செயல்தான் என்றாலும் எனக்கு அது ஒரு வழி காட்டியது. வருடத்துக்கு ஒரு ஜமாபந்தி. ஒவ்வொரு ஜூலை 1-ஆம் தேதியும் என் பெயரில் இருக்கும் எல்லாக் கணக்கையும் வரிசையாக எடுத்து, இந்த வருடம் இது எதற்கு என்று கேட்பது. பதில் இருந்தால் இன்னொரு வருடம். பதில் இல்லாவிட்டால் விட்டுவிடுவது. வருடம் ஒருமுறை இலவசமாக முழுக் கடன் அறிக்கையைத் தரவேண்டும் என்ற விதி 2017 முதல் இருக்கிறது. ஜமாபந்திக்கு வேண்டிய பேரேடு அதுதான்.

அப்படிக் கேட்டபோது போன் கார்டுக்குப் பதில் இல்லை. அதை மூட எழுதிக் கொடுத்துவிட்டேன். முதல் கார்டுக்கு ஒரு பதில் இருந்தது, வீட்டுக் கடன். அதில் மாதம் ஒரு மின்கட்டணம் மட்டும் போகும், பில் வந்த அன்றே கட்டிவிடுவேன். கடன் கையெழுத்தானதும் அடுத்த ஜூலையில் மறுபடி மேசைக்கு வரும். நண்பர்கள் சொன்னதற்காக அதை வைத்திருக்கவில்லை, அம்மா சொன்னதற்காக இதை மூடவும் இல்லை. பாராமகால் குடியானவனுக்கு வயல் ஒவ்வொன்றுக்கும் கேட்கக் கிடைத்த கேள்வியை, கேட்க யாரும் தடையில்லாத காலத்தில் இருந்துகொண்டு கேட்காமல் விடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

போச்சம்பள்ளியில் மின்சார ஸ்கூட்டர் செய்யும் பெண்களும், ஓசூர்ப் பக்கம் செல்போன் பாகங்கள் செய்யும் பெண்களும் குழுக்களில் உட்கார்ந்திருந்த அம்மாக்களின் மகள்கள். பலருக்கு வாழ்க்கையில் முதல் கடன் காகிதம் புரோநோட்டாக இருக்காது, கார்டாகத்தான் இருக்கும். எடுப்பதா வேண்டாமா என்பது அவரவர் தேவை. மூடும் நாள் வந்தால் செய்யவேண்டியது கொஞ்சம்தான். சேர்ந்திருக்கும் பாயின்ட்களைச் செலவழிப்பது, அதில் தானாகக் கழியும் சந்தாக்களை மாற்றுவது, பாக்கியைப் பைசா வரை கட்டுவது, மூடச் சொல்லி எழுத்தில் கேட்டு அந்த எண்ணை வைத்துக்கொள்வது. பிறகு வங்கியிடம் பாக்கியில்லை என்று ஒரு கடிதம் வாங்குவது. ஒன்றிரண்டு மாதம் கழித்துக் கடன் அறிக்கையை எடுத்து அந்தக் கணக்குக்கு நேரே என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பது. 'செட்டில்டு' என்று இருந்தால் பாதிப் பணத்தில் சமரசமானது என்று பொருள், அது கெடுதல், விடாமல் கேட்டுத் திருத்த வேண்டும். 'குளோஸ்டு' என்று இருக்கவேண்டும். நோட்டு கிழிந்தது என்பதற்கு இன்றைக்கு இருக்கும் ஒரே சாட்சி அந்த ஒரு சொல்தான்.